வங்கக்கடலில் வலுவில்லாத தாழ்வு: உங்கள் ஊர் மழையை நீங்களே கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவாகிறது என்று செய்தி வந்ததுமே எல்லோரும் கேட்பது "எங்கே கரையைக் கடக்கும்?" என்பதுதான். வலுவான புயலுக்கு அது சரியான கேள்வி, ஏனென்றால் மையம் போகிற வழியில்தான் பெரிய சேதம் இருக்கும். சுழற்சி ஓரிடம், மேகம் வேறிடம் என்று சிதறிக் கிடக்கும் வலுவில்லாத தாழ்வுக்கு அதே கேள்வியைக் கேட்டால் பார்க்கக்கூடாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது கடலில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரு நாளில் 44 செ.மீ. பெய்ததும் வெறும் தாழ்வுப் பகுதியால். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: மையத்தைத் துரத்தாமல், ஈரக்காற்று எங்கே குவிகிறது, மழை மேகம் எங்கே திரும்பத் திரும்ப உருவாகிறது என்பதைப் பிடிப்பது.

படிகளின் வரிசை முக்கியம். நான் பார்த்தவரை புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் ஏழாவது படியில், அதாவது கணினி போடும் வானிலைக் கணிப்பான மாடல் வரைபடத்தில், தொடங்குகிறார்கள். அங்கே ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்த பிறகு மற்ற எல்லாவற்றையும் அந்தப் புள்ளிக்கு ஏற்றபடியே பார்க்கத் தோன்றும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் இடத்தைப் பற்றி நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அருகில் எந்த ஏரி அல்லது ஆறு, தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், இதற்கு முன் எவ்வளவு மழைக்கு வாசல் வரை வந்தது. கடைசி வரிதான் மிக முக்கியம். "15 செ.மீ. பெய்யலாம்" என்ற கணிப்பு மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஒன்றுமில்லை, ஏரியின் கலங்கல் வழியில் இருக்கும் வீட்டுக்கு அது இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டிய அளவு. இந்த எல்லை தெரியாமல் கணிப்பைப் படித்துப் பயனில்லை.

அடுத்தது நேரம். செயற்கைக்கோள் படங்களிலும் மாடல்களிலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம்தான் இருக்கும், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 00 யுடிசி என்றால் காலை 5.30, 12 யுடிசி என்றால் மாலை 5.30. இதைக் கவனிக்காமல் ஐந்தரை மணி நேரம் பழைய படத்தை "இப்போதைய நிலை" என்று பகிர்வது அடிக்கடி நடக்கிறது.

வீட்டில் ஒரு மழைமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள நேரான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, ஸ்கேலால் ஆழத்தை அளந்தாலே போதும். காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள். இந்தியாவில் அதிகாரப்பூர்வ மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதால், அப்போதுதான் உங்கள் அளவை மற்ற ஊர்களின் அளவோடு ஒப்பிட முடியும்.

ஒரு நோட்டுப்புத்தகமும் வேண்டும். ஏன் என்பது பத்தாவது படியில் வரும்.

2. சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையம் தாழ்வுகளைக் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. 17 நாட் (knot, காற்று வேகத்தின் அலகு) வேகத்துக்குக் கீழே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 17 முதல் 27 நாட் வரை, அதாவது மணிக்கு சுமார் 31 முதல் 50 கி.மீ. வரை, தாழ்வு மண்டலம். 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34 நாட், சுமார் 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் கிடைக்கும்.

இதில் மழை என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் வைத்துவிட்டார்கள் என்பதால் மழை அதிகமாகிவிடாது, "புயல் வலுவிழந்தது" என்பதால் மழை குறையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றபோது புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் பெய்தது. அது வலுவிழந்து உள்ளே போன பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஊர் அது. "கரையைக் கடந்தாகிவிட்டது, இனிமேல் என்ன" என்று நினைத்த பலரை அன்று தண்ணீர் தூக்கத்தில் பிடித்தது.

மழைக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 தாண்டினால் மிக கனமழை, 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அதி கனமழை. 10 மி.மீ. ஒரு செ.மீ. எளிதான கணக்கு, ஆனாலும் அவசரத்தில் மி.மீ.யை செ.மீ. என்று படித்துவிட்டுப் பதறுபவர்கள் உண்டு.

3. அதிகாரப்பூர்வ அறிக்கையிலிருந்து தொடங்குங்கள்

தினமும் முதலில் படிக்க வேண்டியது இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வடஇந்தியப் பெருங்கடல் அறிக்கையும், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான எச்சரிக்கையும். எச்சரிக்கை மட்டும்தான் அதில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தாழ்வு எங்கே இருக்கிறது, கடந்த சில மணி நேரத்தில் எந்தத் திசையில் எந்த வேகத்தில் நகர்ந்தது, மேகம் மையத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூன்று தகவலும் அதில் எழுத்தாகவே இருக்கும். அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் படங்களுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாது.

நிற எச்சரிக்கையைப் படிப்பதில் ஒரு தவறு நடக்கிறது. சிவப்பு எச்சரிக்கை என்றால் மாவட்டம் முழுக்க 20 செ.மீ. பெய்யும் என்று அர்த்தமில்லை, மாவட்டத்தில் ஏதோ ஓரிரு இடங்களில் அந்த அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது, நடவடிக்கை எடுங்கள் என்று அர்த்தம். உங்கள் தெருவில் வெயில் அடித்தால் எச்சரிக்கை பொய்யானதாக ஆகாது, 30 கி.மீ. தள்ளி அது உண்மையாகியிருக்கும்.

இன்னொன்று. புயலுக்கு 72 மணி, 48 மணி, 24 மணி, 12 மணி நேரத்துக்கு முன் என்று நான்கு கட்ட எச்சரிக்கை முறை இருக்கிறது. புயலாக மாறாத தாழ்வுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. மழை எச்சரிக்கை வரும், ஆனால் புயல் செய்திகள் போல அது டிவியில் ஓடிக்கொண்டே இருக்காது, நீங்கள்தான் தேடிப்போய்ப் படிக்க வேண்டும். வலுவில்லாத தாழ்வில் மக்கள் அசந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உங்கள் சொந்தக் கணிப்பு எதுவாக இருந்தாலும், வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் கிளம்பிவிடுங்கள். இந்த வழிகாட்டி கூடுதலாகத் தயாராவதற்கு, அறிவிப்பை மறுப்பதற்கு இல்லை.

4. செயற்கைக்கோள் படம்: ஒன்று அல்ல, ஒரு நாள் முழுக்க

இன்சாட் படங்கள் வானிலை மையத்தின் தளத்திலேயே கிடைக்கும். ஜப்பானின் ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தரும், நம் கடல் அதன் மேற்கு ஓரத்தில் விழும் என்பதால் கொஞ்சம் சாய்வாகத் தெரியும், ஆனாலும் பயன்படும்.

அகச்சிவப்புப் படத்தில் வெள்ளையாக, அல்லது நிறமேற்றிய படத்தில் சிவப்பாகத் தெரிவது குளிர்ந்த மேக உச்சி. உச்சி குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் கீழே மழை பெய்கிறது என்று ஆகாது. மழை மேகம் மேலே போய்ப் பரவும்போது வரும் மெல்லிய கீற்று மேகமும் குளிர்ச்சிதான், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் ஊர் முழுக்கப் போர்வை போல மூடும், ஒரு சொட்டு விழாது. பகலில் அதே நேரத்து ஒளிப்படத்தை, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தால் மழை மேகம், வழவழவென்று இழுத்த பஞ்சு மாதிரி இருந்தால் கீற்று மேகம்.

அடுத்த பொறி நேரம் சார்ந்தது. கடலின் மேல் இரவு முற்றி விடியும் நேரத்தில் மேகம் கொழிக்கும், மதியம் அடங்கும். காலை ஐந்து மணிப் படத்தைப் பார்த்து "வெறித்தனமா வலுப்பெறுது" என்பதும், மாலை நான்கு மணிப் படத்தைப் பார்த்து "செத்துப்போச்சு" என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இன்று காலை ஆறு மணியை நேற்றுக் காலை ஆறு மணியோடு ஒப்பிடுங்கள். மேகக் கூட்டம் 12 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் தாக்குப்பிடித்தால்தான் அதை மதிக்க வேண்டும்.

5. மையத்தைக் கண்டுபிடியுங்கள், ஆனால் அதைக் கட்டிப்பிடிக்காதீர்கள்

மையம் எங்கே என்று தெரிந்தால்தான் காற்று உங்கள் ஊருக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். பகலில் ஒளிப்படத்தில் தாழ்வான சிறு மேகங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றன என்று அசையும் படத்தில் தேடுங்கள். பெரிய வெள்ளைக் கூட்டத்தின் நடுவைத்தான் எல்லோரும் மையம் என்று குறிப்பார்கள். வலுவில்லாத தாழ்வில் மையம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், சில சமயம் முழுக்க வெளியே, வெறும் கடலில் அம்மணமாகக் கிடக்கும்.

இரவில் ஸ்கேட்டரோமீட்டர் உதவும். ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் இருக்கும் ஆஸ்காட், நம் ஓஷன்சாட்-3 இரண்டும் கடல் மேற்பரப்பின் காற்றை அம்புக்குறிகளாகத் தரும். அம்புகள் முழு வட்டமாகச் சுற்றினால் மையம் மூடியிருக்கிறது. ஒரு பக்கம், பெரும்பாலும் மேற்குப் பக்கம், திறந்திருந்தால் அது இன்னும் முழுமையான சுழற்சி இல்லை, வெறும் அலை அல்லது நீள்வட்டத் தாழ்வு. கடந்துபோகும் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள், பத்து மணி நேரம் பழைய அம்புகளை வைத்து மையம் குறிக்கக்கூடாது.

சிதறிய தாழ்வில் மையம் தாவும். ஒரு பெரிய மேகக் கொத்து வெடித்தால் அதன் அடியில் புது மையம் உருவாகி, பழையது கரைந்துவிடும். வரைபடத்தில் அது திடீரென்று 100 கி.மீ. நகர்ந்தது போல இருக்கும், உண்மையில் எதுவும் நகரவில்லை. நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் கோடு போட்டு நீட்டிப் பார்ப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அதனால் மையத்தை ஒரு புள்ளியாக எழுதாமல் பென்சிலால் ஒரு வட்டமாக வரையுங்கள், சந்தேகம் எவ்வளவோ வட்டம் அவ்வளவு பெரிது.

6. மேகம் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது?

தரைக்கு அருகே ஒரு திசையிலும் 12 கி.மீ. உயரத்தில் வேறு திசையிலும் காற்று அடித்தால் அதை விண்ட் ஷியர் என்கிறோம். தாழ்வின் உச்சியை மட்டும் யாரோ ஒரு பக்கமாகத் தள்ளுவது போல அது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிம்ஸ் தளத்தில் இதற்கான வரைபடம் இருக்கிறது. 10 நாட் வேகத்துக்குக் கீழே என்றால் தாழ்வுக்கு வசதி, 20க்கு மேல் என்றால் ஒழுங்காகச் சுற்ற விடாது.

இதை "ஷியர் அதிகம், அதனால் மழை இல்லை" என்று முடித்துவிடாதீர்கள். ஷியர் மழையை அழிப்பதைவிட இடம் மாற்றுவதுதான் அதிகம். கிழக்கிலிருந்து மேல்காற்று தள்ளினால் மழை மேகம் மையத்துக்கு மேற்கே, அதாவது நம் கரைப் பக்கம், ஒதுங்கும். மையம் 300 கி.மீ. கடலில் இருக்கும்போதே கரையில் கொட்டுவது இப்படித்தான். தென்மேற்கிலிருந்து தள்ளினால் மேகம் வடகிழக்கே ஆந்திரக் கடல் பக்கம் போய்விடும், மையம் நம் வாசலுக்கே வந்தாலும் தூறலோடு போகும்.

வறண்ட காற்றையும் இதே கையோடு பாருங்கள். நவம்பர் கடைசிக்குப் பிறகு வடக்கே நிலப்பகுதியிலிருந்து குளிர்ந்த வறண்ட காற்று வங்கக்கடலுக்குள் இறங்கும். செயற்கைக்கோளின் நீராவிப் படத்தில் அது பழுப்பு அல்லது கறுப்பு நாக்கு மாதிரி தாழ்வின் வடமேற்கு ஓரத்தைச் சுற்றி நுழையும். 2013 டிசம்பரில் மாதி புயல் நடுக்கடலில் வலுவிழந்து, வந்த வழியே தென்மேற்காகத் திரும்பியது. 2016 டிசம்பரில் நாடா கரைக்கு வருவதற்குள் தாழ்வு மண்டலமாக இறங்கிவிட்டது. பெயரை மட்டும் பார்த்துப் பயந்தவர்களுக்கு இரண்டுமே ஏமாற்றம்.

7. இப்போதுதான் மாடல்கள்

ஐரோப்பிய மாடல், அமெரிக்க ஜிஎஃப்எஸ், நம் நாட்டு மாடல்கள் எல்லாமே விண்டி போன்ற தளங்களிலோ வானிலை மையத்தின் தளத்திலோ கிடைக்கும். முதலில் ஒரு சோதனை: மாடல் தொடங்கும் நேரத்தில் தாழ்வை எங்கே வைத்திருக்கிறது? நீங்கள் ஐந்தாவது படியில் வரைந்த வட்டத்துக்குள் இருந்தால் மேலே படியுங்கள். வெளியே இருந்தால் அதன் ஐந்தாம் நாள் கணிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை, தொடக்கமே தப்பு.

மழை வரைபடத்தை விட்டுவிட்டு 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) மட்டத்தின் காற்றைப் பாருங்கள், அது சுமார் ஒன்றரை கி.மீ. உயரம். உங்கள் கரையை நோக்கிக் காற்று நேராக மோதுகிறதா, கரைக்கு இணையாக ஓடுகிறதா, அல்லது நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறதா? வெவ்வேறு திசையிலிருந்து வரும் இரண்டு காற்றுகள் சந்திக்கும் கோடு எங்கே? மாடல்கள் காற்றை ஓரளவு நன்றாகவும், மழை எந்த ஊரில் விழும் என்பதை மோசமாகவும் சொல்லும். ஜிஎஃப்எஸ்ஸின் கட்டம் ஏறத்தாழ 13 கி.மீ., ஐரோப்பிய மாடலுக்கு 9 கி.மீ. நிஜத்தில் கொட்டும் மழை மேகக் கொத்து அதைவிடச் சின்னதாக இருக்கலாம். அதனால் "என் ஊருக்கு 187 மி.மீ. காட்டுது" என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள், அந்த மழைத் திட்டு 50 கி.மீ. வடக்கிலோ தெற்கிலோ விழலாம் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே ஓட்டத்தைப் பார்க்காமல் என்செம்பிள் பாருங்கள். ஐரோப்பிய என்செம்பிளில் 50 மாற்றுக் கணிப்புகள் சற்றே மாறுபட்ட தொடக்கத்தோடு ஓடும். பாதைக் கோடுகள் கத்தையாகச் சேர்ந்திருந்தால் நம்பிக்கை கூடும், துடைப்பக்குச்சி மாதிரி விரிந்து கிடந்தால் பாதையைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. சராசரிக் கோட்டைப் பிடித்துக்கொள்வது பெரிய தவறு. பாதிக் கோடுகள் இலங்கை வழியாகவும் பாதி ஆந்திரா பக்கமும் போனால் சராசரி சென்னையில் வந்து நிற்கும், ஒரு கோடு கூட அங்கே போகாமலேயே.

மூன்று நாளுக்கு மேற்பட்ட மழை அளவை யாருக்கும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. நாளைக்கே மாறும் எண்ணை நம்பி யாரோ ஒருவர் அறுவடையைத் தள்ளிப்போடலாம், கல்யாண மண்டபத்தை மாற்றலாம்.

8. உங்கள் ஊருக்கு எவ்வளவு?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். ஓரிடத்தில் மொத்தம் எவ்வளவு பெய்யும் என்பதை முடிவு செய்வது கொட்டும் வேகமும், அது எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதும்தான். வேகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். பெரும்பாலான வெள்ளம் நேரத்தால் வருகிறது.

ஒரு மழைப்பட்டை மணிக்கு 40 மி.மீ. வேகத்தில் கொட்டுகிறது என்று வையுங்கள். அது உங்கள் ஊரைக் குறுக்காக 20 நிமிடத்தில் கடந்தால் 13 மி.மீ.தான், தெரு நனையும். அதே பட்டை தன் நீளவாக்கிலேயே நகர்ந்து, ஒரு மேகம் போனதும் அடுத்தது என்று நான்கு மணி நேரம் உங்கள் தலைமேலேயே வந்தால் 16 செ.மீ., மிக கனமழை. மேகம் ஒன்றுதான், திசைதான் வேறு. அதனால் "பட்டை எந்த வாக்கில் கிடக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது" என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒரே திசை என்றால் உஷார்.

தாழ்வின் நகரும் வேகமும் நேரம்தான். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் நகர்ந்தால் வந்த வேகத்தில் போய்விடும். 5 கி.மீ.க்குக் கீழே, அல்லது "ஒரே இடத்தில் நிலைகொண்டுள்ளது" என்று அறிக்கையில் வந்தால், அது எவ்வளவு வலுவில்லாததாக இருந்தாலும் அன்று விழித்திருக்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் அருகே ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்றது. ராமநாதபுரத்தில் என்ன ஆகுமோ என்று எல்லோரும் அங்கே பார்த்துக்கொண்டிருக்க, அதன் வடக்குப் பக்கம் கிழக்கிலிருந்து ஓடிய ஈரக்காற்று கடலூர், நாகை மாவட்டக் கரைகளில் குவிந்து சிதம்பரத்தில் 34 செ.மீ. பெய்தது. மையத்துக்கும் மழைக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

கரையோர ஊர்களுக்கு இரவைத் தனியாகக் கணக்கிடுங்கள். இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்திலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கி நகரும். கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று அதோடு மோதும் இடத்தில், கரைக்கு அருகிலேயே, மேகம் முளைக்கும். நள்ளிரவு தாண்டி விடியும் வரை கரையோரம் மழை வலுப்பதும், 40 கி.மீ. உள்ளே வெறும் மேகமூட்டமாக இருப்பதும் இதனால்தான். மாலை ஏழு மணிக்கு வானம் தெளிவாக இருக்கிறதே என்று படுக்கப் போகும் கரையோரக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். உள் மாவட்டங்களில் நிலைமை வேறு, தாழ்வு கரையேறி அவர்கள் பக்கம் வரும்போது, அல்லது கிழக்குக் காற்று மலையில் மோதி ஏறும்போதுதான் அவர்களுக்குப் பெரிய மழை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரமாக இருப்பவர்கள் கடலில் மேகம் இல்லையே என்று நிம்மதியாக இருக்கக்கூடாது.

இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: மண் ஏற்கெனவே ஊறியிருக்கிறதா? 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தபோது, அதற்கு முந்தைய நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் நிரம்பி நின்றன. அன்றும் கடலில் புயல் எதுவும் இல்லை.

9. வீட்டிலிருந்தே: காற்றும் அழுத்தமும்

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், தாழ்வின் மையம் ஏறத்தாழ உங்கள் இடப்பக்கம் இருக்கும். வடகிழக்குக் காற்று என்றால் மையம் தென்கிழக்கே, இன்னும் வரவில்லை. காற்று வடமேற்காகத் திரும்பினால் மையம் வடகிழக்கே போய்விட்டது, உங்களுக்கு நிலக்காற்று, மழை குறையும். தென்கிழக்காகத் திரும்பினால் மையம் தென்மேற்கே நிலத்தில் இருக்கிறது, கடல் ஈரம் நேராக உங்களுக்கு வருகிறது, மழை இன்னும் முடியவில்லை. மொட்டைமாடியில் பாருங்கள், சந்துக்குள் காற்று கட்டடத்துக்கு ஏற்றபடி திரும்பும்.

போனில் அழுத்தமானி இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் பயன்படுத்தினால் பயம்தான் மிஞ்சும். நம் பகுதியில் அழுத்தம் தினமும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், அதிகாலை நான்கு, மாலை நான்கு வாக்கில் இறக்கம், வித்தியாசம் 2 முதல் 4 ஹெக்டோபாஸ்கல். மதியம் அழுத்தம் விழுவதைப் பார்த்துத் தாழ்வு நெருங்குகிறது என்று அறிவிப்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுங்கள், அந்த வித்தியாசம்தான் தாழ்வின் கணக்கு.

10. கடைசி 12 மணி நேரம்: ரேடாரும் நோட்டும்

மழை நெருங்கியதும் மாடலை மூடிவிடுங்கள். இனி ரேடார்தான். சென்னை, ஸ்ரீஹரிகோட்டா, காரைக்கால் ரேடார்கள் நம் கரையைப் பார்க்கின்றன. ஒரே படம் போதாது, குறைந்தது ஒரு மணி நேரத்து அசையும் படம் வேண்டும், அதில்தான் பட்டையின் நகர்வும், கடலில் புதிதாக எங்கே முளைக்கிறது என்பதும் தெரியும். பழைய மேகம் உங்களைத் தாண்டிப் போவது முக்கியமில்லை, கடலில் அதே இடத்தில் புதிது முளைக்கிறதா என்பதுதான் கேள்வி.

தூரத்தை மறக்காதீர்கள். பூமி வளைவதால் ரேடார் கதிர் 200 கி.மீ. தள்ளிப் போகும்போது சுமார் 4 கி.மீ. உயரத்துக்கு ஏறிவிடும், அதற்குக் கீழே இருக்கும் மழை தெரியாது. "ரேடாரில் கடல் காலியாக இருக்கிறது" என்றால் அருகில் இருக்கும் கடலுக்கு மட்டும்தான் அது பொருந்தும். எக்ஸ்-பேண்ட் வகைச் சிறிய ரேடாரில், முன்னால் பலத்த மழை இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது மங்கிப்போகும். அப்போது பக்கத்து ரேடாரைத் திறந்து பாருங்கள்.

சரி, நோட்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மூன்று எண் எழுதுங்கள்: அடுத்த 24 மணி நேரத்தில் உங்கள் இடத்தில் குறைந்தது எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, மோசமான நிலையில் எவ்வளவு. உதாரணமாக 2, 6, 18 செ.மீ. அதன் பக்கத்தில் ஒரே வரியில் காரணம். தயாரிப்பைச் செய்ய வேண்டியது மூன்றாவது எண்ணுக்கு, நடு எண்ணுக்கு அல்ல. முதல் படியில் எழுதிய உங்கள் வாசல் எல்லையை அது தாண்டினால் பைக்கை மேட்டில் நிறுத்துங்கள், மோட்டார் சுவிட்சை அணையுங்கள், பத்திரங்களையும் மருந்தையும் மேலே ஏற்றுங்கள், வயதானவர்கள் இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே இடம் மாற்றுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீருக்குள் யாரையும் தூக்கிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கண்காணிப்பும்.

11. மழை நின்ற பிறகு

இங்கேதான் பலர் படங்களை மூடிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். ஆற்றோரம், ஏரிக்கரை அருகே இருப்பவர்களுக்கு இனிமேல்தான் அடுத்த கட்டம். மேல்பகுதியில் பெய்தது வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு அளவு 24 அடி, அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் தங்கள் தெருவில் மழை நின்ற பிறகும் அதன் நீர்மட்டத்தையும் திறந்துவிடும் கனஅடியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலோர நகரங்களில் ஓத நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில், அதுவும் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில், முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, வடிகால் பின்னோக்கித் தள்ளும்.

அவசரத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் போனில் இப்போதே சேமித்து வையுங்கள், வீட்டில் சின்னப் போன் வைத்திருப்பவர்களின் போனிலும்.

மறுநாள் காலை 8.30க்குப் பாத்திரத்தை அளந்து, முந்தைய நாள் எழுதிய மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நிஜ அளவை எழுதுங்கள். எந்தப் படியில் பார்த்தது தவறிப்போனது என்று அப்போதே தேடுங்கள். பட்டையின் திசையா, இரவுக் குவிதலா, வறண்ட காற்றா? இரண்டு வடகிழக்குப் பருவத்துக்கு இப்படி எழுதி வைத்தால், எந்தக் காற்றுத் திசைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று எந்த மாடலும் சொல்லாத ஒரு கணக்கு அந்த நோட்டில் இருக்கும். நோட்டைத் தண்ணீர் எட்டாத அலமாரியில் வையுங்கள்.